இரண்டாவது பிரேக்

டெஸ்டுக்குப் போன கார் திரும்பி வருகிற லட்சணத்திலேயே மாஸ்டருக்கு ரிசல்ட் தெரிந்துவிடும். பாஸான ஆள் தலைகால் புரியாமல் ஆபீஸ் வாசலுக்குள் ஒரு திருப்பு திருப்பிக்கொண்டு வருவான். ஃபெயிலான ஆள் துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி மெதுவாக, ஓரமாக வருவான். அன்றைக்கு அவருடைய எல் போர்டு கார் இந்த இரண்டு மாதிரியும் வரவில்லை. ஓட்டுகிற சீட்டில் டெஸ்ட் எடுக்கிற ஆபீசரம்மாவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அக்கா.

மாஸ்டர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பு இல்லை. கையிலிருந்த காகித டம்ளரை நசுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். போச்சு. மறுபடியும் போச்சு.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். தலை நரைக்கிற வரைக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். அவர் காரில் ஓட்டுகிற ஆளின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து சீட்டில், அவர் காலடியில், இன்னொரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்தான் அவருக்கு இத்தனை வருஷமும் சோறு போட்டது. கற்றுக்கொள்கிற ஆள் எந்தச் சுவரைப் பார்த்து வண்டியை விட்டாலும் மாஸ்டரின் வலது கால் ஒரு அழுத்து அழுத்தும், கார் நிற்கும், எல்லாரும் உயிரோடு வீட்டுக்குப் போவார்கள். அக்கா என்றால் கூடப்பிறந்த சொந்த அக்கா. அறுபதைத் தொடுகிற வயசு. இந்த வயசில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள் என்றால் ஆசைக்கு இல்லை, வேறு வழி இல்லாமல்தான்.

ஆபீசரம்மா காரிலிருந்து இறங்கி நேராக மாஸ்டரிடம் வந்தார். நெற்றியில் வேர்வை.

"மாஸ்டர், உங்க அக்கா கியர் போடறது அழகு. ரிவர்ஸ் எடுக்கறது அதைவிட அழகு. ஆனா அந்தப் பெரிய ரவுண்டானா வந்தா மட்டும் கண்ணு தெரியாதா அவங்களுக்கு? வலது பக்கம் ஒரு லாரி வருது, மலை மாதிரி. இவங்க பாட்டுக்கு உள்ள போறாங்க. நான் பிரேக்கை மிதிக்கலைன்னா இந்நேரம் நீங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதுக்கிட்டு இருப்பீங்க."

"என்கூட வரும்போது ஒவ்வொரு தடவையும் நின்னுதான் மேடம் போறா. ஒரு நாள்கூடத் தப்பினதில்லை."

"அதான் எனக்கும் புரியலை. உங்க அக்கா மட்டும் இல்லை. போன மாசம் உங்ககிட்டருந்து வந்த பேக்கரிக்காரர், அதுக்கு முன்னால வந்த அந்த நர்ஸ் பொண்ணு, எல்லாரும் அங்கேயேதான் கவுந்தாங்க. முன்னெல்லாம் உங்க ஆளுங்கன்னா நான் நிம்மதியா உக்காந்து வருவேன். இப்ப என்ன ஆச்சு உங்களுக்கு?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத்தான் வாயெடுத்தார். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மாஸ்டரே ஓட்டினார். முதல் சிக்னல் வரைக்கும் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, ரவுண்டானாவுல யாருக்கு வழி?"

"ஏற்கெனவே வட்டத்துக்குள்ள இருக்கறவனுக்கு. அப்புறம் வலது பக்கம் வர்றவனுக்கு."

"வெள்ளைக் கோட்டுல ஒருத்தர் கால் வெச்சா?"

"நடக்கறவங்களுக்குத்தான் முதல் வழி. அவங்க அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் நிக்கணும். ஆம்புலன்ஸ் வந்தா ஒதுங்கணும். சின்ன ரோட்டுலருந்து பெரிய ரோட்டுல ஏறினா காத்திருக்கணும். என்னடா, எழுத்துப் பரீட்சையில நான் ஒரு கேள்விகூட விடலை, தெரியுமில்ல?"

"எல்லாம் மனப்பாடமா தெரியுது. அப்புறம் ஏன் நிக்கலை?"

அக்கா சின்னக் குரலில் சொன்னாள்.

"நிக்கும்னு நெனச்சேன்."

"என்னது நிக்கும்?"

"கார்தான். அந்த இடம் வந்தா அது தானா நிக்குமே. நான் நிக்கணும்னு நினைக்கறேன், உடனே நிக்குது. இத்தனை நாளா அப்படித்தானே நடந்துச்சு? இன்னைக்கு என்னடான்னா நிக்கவே இல்லை."

மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கார் என்ன உன் வீட்டு நாயா, நீ நெனச்சா நிக்கறதுக்கு?" என்று கத்திவிட்டார். அக்கா சொன்னதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை. தூக்கம் போதாத மண்டைக்குள் எதுவும் முழுசாக இறங்காது.

தூக்கம் போனதற்குக் காரணம் அத்தான். அக்காவின் புருஷன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர்; ஊரில் இருக்கிற உயரமான கட்டடம் எல்லாவற்றிலும் ஏறி இறங்கியவர். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது விடியற்காலை படுக்கை ஒன்றுதான். பொழுது புலர்வதற்குள் போய்ப் படுத்தால்தான் உண்டு, தாமதமானால் இயந்திரம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். டாக்ஸியைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்கள்தான் அதிகம். ஒருநாள் அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே விடிகிற வரைக்கும் காத்திருந்தார். அதைக் கேள்விப்பட்டு, "இனிமே நான் வர்றேன்" என்று மாஸ்டர் வாயைக் கொடுத்தார். குழந்தைகுட்டி இல்லாத வீடு. தம்பியை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அன்றைக்குச் சொன்னது. ஒன்றரை வருஷமாகிறது. இருட்டில் எழுந்து, அத்தானைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே முதல் வகுப்புக்கு ஓடி, நடுவில் போய்க் கூட்டிவந்து, சாயங்காலம் வரைக்கும் அடுத்தவர்களின் கிளட்சோடு மல்லுக்கட்டி, வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னாலேயே தலை தொங்கி. மாஸ்டரின் மனைவி பொறுமைசாலி. அவளே ஒருநாள், "தூக்கத்துலயும் காலை உதைக்கறீங்க. என் முழங்கால் எல்லாம் கன்னிப்போச்சு. அங்க எந்த வண்டிய நிறுத்தறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி என்று சில நாள் காலையில் பல் தேய்க்கும்போது மாஸ்டருக்குத் தோன்றும். தோன்றிய உடனே வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்கப் பிடிக்காமல் நிற்பார். அது, அத்தான் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று கேட்கிற மாதிரிதானே? வெட்கக்கேடு. அதனால்தான் அக்காவுக்கு லைசென்ஸ் கிடைத்தே ஆகவேண்டும் என்று தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அத்தானின் பழைய கார் கீழே சும்மாதான் நிற்கிறது. அக்கா ஓட்டினால் எல்லாருக்கும் விடுதலை.

வீட்டில் அத்தான் கையில் ஒரு சின்ன ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம். தாகத்துக்கு ஐஸைச் சப்பிக்கொள்வார். இருவர் முகத்தையும் பார்த்தார்.

"லிஃப்ட் எந்த மாடியில நின்னுபோச்சு?"

"அதே மாடிதான்," என்றாள் அக்கா. "ரவுண்டானா."

"விடு. லிஃப்டுல இந்தத் தொல்லையே கிடையாது. மேல போறவன் மேல, கீழ போறவன் கீழ. யாருக்கு வழின்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்." அப்புறம் மாஸ்டரைப் பார்த்து, "மாப்ளே, நான் பஸ்ல போய்ப் பாக்கறேனே. உன் மூஞ்சியப் பாத்தா என்னைவிட நீதான் அந்தப் படுக்கையில படுக்கணும் போல இருக்கு" என்றார்.

"சும்மா இருங்க அத்தான். பஸ் எங்க ஓடுது அந்நேரத்துல?"

அத்தான் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பேக்கரிக்காரருக்கு வகுப்பு. நல்ல பருமனான மனிதர், கையில் எப்போதும் மாவு வாசனை. ரவுண்டானா கண்ணில் பட்டது. தூரத்தில் வலது பக்கம் ஒரு வேன். மாஸ்டர் எதேச்சையாகக் கீழே குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. இருந்தது மட்டும் இல்லை, அழுத்திக்கொண்டும் இருந்தது. பூ மாதிரி, கார் குலுங்காமல், வேகம் தானாகக் குறைகிற மாதிரி. பேக்கரிக்காரர் ஜம்மென்று நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் பிரேக் பக்கமே போகவில்லை. வேன் போயிற்று. மாஸ்டரின் கால் தானாக மேலே வந்தது. கார் போயிற்று.

"இப்ப எதுக்கு நின்னோம்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"வேன் வந்துச்சு இல்ல? வழி விட்டேன் மாஸ்டர்."

"நீங்களா விட்டீங்க?"

"பின்ன யாரு?"

மாஸ்டருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் அவர் கடைசி மூச்சு வரைக்கும் காத்திருப்பார். இந்த ஆள் பார்ப்பானா, மிதிப்பானா என்று பொறுத்திருந்து, இனித் தாங்காது என்கிற இடத்தில்தான் காலை வைப்பார். வைத்தால் கார் துள்ளி நிற்கும், ஆள் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான். அந்தப் பொறுமைக்குத் தெம்பு வேண்டும். இப்போது கால் முந்திக்கொள்கிறது. தொல்லையே வேண்டாம் என்று எல்லாருக்காகவும் அதுவே பார்த்து, அதுவே வழிவிட்டு, அதுவே கிளம்புகிறது. எப்போதிருந்து இப்படி? அவருக்கே தெரியாது. அட பாவி மனுஷா, நிக்கும்னு நெனச்சேன் என்று அக்கா சொன்னது பச்சை உண்மை!

ஓரமாக நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றினார். காலை மடக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், சாப்பிட உக்காந்த மாதிரி உக்காந்துட்டீங்க?" பேக்கரிக்காரர் அவர் காலையே பார்த்தார். "கால் கீழேயே இருக்கட்டும் மாஸ்டர். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"எனக்கும்தான் குடும்பம் இருக்கு. எடுங்க வண்டியை. வலது பக்கம் பாருங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க."

சொல்வது சுலபம். அடுத்த சந்திப்பு வருவதற்குள் கால் தானாகப் பிரிந்து கீழே போய்விட்டது. அவர் பேச்சைக் கேட்கிற கால் இல்லை அது.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். "தப்பு உன்னுது இல்லக்கா, என்னுது. இனிமே நான் மிதிக்கவே மாட்டேன். நீயே பாரு." அக்கா தலையாட்டினாள். மாஸ்டர் சம்மணம் போட்டுக்கொண்டார். ரவுண்டானா வந்தது. வலது பக்கம் ஒரு கார் வந்தது. அக்கா பார்த்தாளா, இல்லையா? கண்டுபிடிக்கிறதற்குள் அவர் கால் சீட்டிலிருந்து பாய்ந்து, முழங்கால் டாஷ்போர்டில் மடாரென்று மோதி, கார் கிறீச்சென்று நின்றுவிட்டது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரனால் திட்டின.

"நான் மிதிக்கத்தான் போனேன்!" என்றாள் அக்கா. "அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

"நீ பாக்கலை."

"பாத்தேன்."

"பாக்கலைக்கா! உன் தலை திரும்பவே இல்லை."

"உனக்கு என்மேல நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லு."

முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஒன்றரை வருஷமாகத் தூங்காத தூக்கமும் அந்த வலியும் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டன.

"நம்பிக்கை என்ன நம்பிக்கை! எனக்கு முடியலைக்கா. புரியுதா? முடியலை. நீ பாஸாகலைன்னா நான் ஒருநாள் உங்க வீட்டு வாசல்லயே விழுந்து செத்துக்கிடப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் விடியற வரைக்கும் தூங்கணும் எனக்கு. அவ்வளவுதான் கேக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்து, வீடு வரைக்கும் ஓட்டி, வாசலில் ஒழுங்காக நிறுத்தினாள்.

"நாளைக்கு வராதே" என்றாள். "நாங்க பாத்துக்கறோம்."

என்ன பார்த்துக்கொள்வாள்? மண்ணாங்கட்டி. மாஸ்டர் மறுநாள் விடியற்காலை வழக்கம் போல் போய் நின்றார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அத்தானைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் உட்காரவைத்தாள். அவர் மடியில் ஒரு போர்வை. டயாலிசிஸ் ஓடும்போது குளிரும். அப்புறம் ஓட்டுகிற பக்கம் வந்து கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"அக்கா, இன்னைக்கு வேணாம்."

"குடுடா. ரோடு காலியாத்தான் இருக்கும். நீ பக்கத்துல உக்காரு."

சண்டை போட அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. கொடுத்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். காலை எங்கே வைப்பது என்றுகூட யோசிக்கவில்லை. வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வந்து போயின. பின்னாலிருந்து அத்தான் யாரோ ஒரு பழைய முதலாளி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முதலாளி வெளியே வந்தாரா, இல்லையா என்பது மாஸ்டருக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

கண் விழித்தபோது கார் நின்றிருந்தது. மாஸ்டரின் கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. நின்றிருந்த கார் என்ன செய்யும், சும்மா நின்றது. நல்ல வெயில். கழுத்து வரைக்கும் அத்தானின் போர்வை. சீட்டை யாரோ பின்னால் சாய்த்துவிட்டிருந்தார்கள். எதிரே ஆஸ்பத்திரிச் சுவர். கார் இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில், கோணல் இல்லாமல் நின்றிருந்தது. ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு இறங்கப்போனார். அக்கா ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இரண்டு கையிலும் டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஏன் எந்திரிச்சே? அவருக்கு முடிய இன்னும் நேரம் இருக்கு. படு."

"நான் எங்கக்கா தூங்கினேன்?"

"எங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள வாயைப் பொளந்துட்டே. அவர்தான் எழுப்பாதேன்னு பின்னாலருந்து சைகை காட்டினார்."

"ரவுண்டானா?"

அக்கா ஒரு டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். சீட்டில் உட்கார்ந்து, தன் டம்ளரை ஊதினாள்.

"தூரத்துல பாத்தேன். உன் காலைப் பாத்தேன். அது அந்தண்டை சாஞ்சு கிடந்துச்சு. சரி, இனிமே யாரு பாக்கறதுன்னு யோசிச்சேன். என்னை விட்டா ஆளில்லை. தலையத் திருப்பினேன். ஒரு பால் வண்டி வந்துச்சுடா. எவ்வளவு வேகமா வருது தெரியுமா! இத்தனை நாளா அங்க வண்டி வரும்னே எனக்குத் தெரியாது. நின்னேன். பின்னால ஒருத்தன் ஹாரன் அடிச்சான். அடிக்கட்டும்னு நின்னேன். பால் வண்டி போச்சு. திரும்பவும் பாத்தேன். அப்புறம்தான் போனேன்." அவள் ஒரு வாய் குடித்தாள். "உயிரே போயிடுச்சு எனக்கு. ஆனா நின்னேன்."

மாஸ்டர் சூடான டம்ளரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"சின்னதுல உன்னை ஸ்கூலுக்கு இழுத்துக்கிட்டுப் போவேனே, ஞாபகம் இருக்கா? ரோடு தாண்டும்போது ஒரு பக்கம்கூடப் பாக்கமாட்டே. என் கையப் புடிச்சா போதும், வானத்தப் பாத்துக்கிட்டு நடப்பே. நீ பாக்காதே, நான் பாக்கறேன், நீ நடன்னு நானும் சொல்லிச் சொல்லியே கெடுத்து வெச்சேன். உன் பக்கத்துல உக்காந்து நானும் அந்த மாதிரிதான் ஓட்டியிருக்கேன் போல. வானத்தப் பாத்துக்கிட்டு."

"நேத்து நான் பேசினது..."

"நீ கேட்டது தூக்கம்தானே. அதைக்கூடக் கேக்கக்கூடாதா? குடி, ஆறிப்போகுது."

டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்த அத்தான் முகம் வெளுத்து, சோர்ந்து இருந்தார். இருந்தாலும் காரில் ஏறியதும் முதல் வேலையாக மாஸ்டரின் தோளைத் தட்டினார். "மாப்ளே, எல் போர்டு வண்டியில பக்கத்துல உக்காந்திருக்கற ஆள் தூங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கில்ல? உன் அக்கா ஒரு தப்பும் பண்ணலை. போலீஸ் புடிச்சிருந்தா உன்னைத்தான் உள்ள வெச்சிருப்பான்."

"உள்ள வெச்சாலாவது தூங்கியிருப்பேன் அத்தான்" என்றார் மாஸ்டர். மூன்று பேரும் சிரித்தார்கள். அத்தான் சிரித்து முடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த டெஸ்டுக்கு முந்தைய நாள் ராத்திரி மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. டெஸ்ட் அன்றைக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் போனால்? இன்னொரு வருஷமா? அவரால் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஆகாது என்றாலும் போய் நிற்பார் என்பதும் தெரியும். கார் திரும்பி வந்தது. வாசலில் ஒரு சைக்கிள்காரர் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். கார் நின்றது. சைக்கிள் போனது. அதற்கப்புறம்தான் கார் உள்ளே வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது அக்கா.

ஆபீசரம்மா இறங்கி வந்தார். இன்றைக்கு நெற்றியில் வேர்வை இல்லை.

"நான் காலை மேல தூக்கி வெச்சுக்கிட்டு வந்திருக்கலாம் மாஸ்டர். ரவுண்டானாவுல எனக்கு முன்னாலயே அவங்க பாத்துட்டாங்க. அப்படி என்ன பாடம் எடுத்தீங்க?"

"தூங்கினேன் மேடம்."

ஆபீசரம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா காரின் முன்னால் நின்று, எல் போர்டைக் கழற்றலாமா என்று கேட்டாள். இது ஸ்கூல் வண்டி, கழற்றக்கூடாது என்று மாஸ்டர் சொன்னார். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வந்த முதல் டயாலிசிஸ் நாள். "நீ தூங்கு, வந்தே கொன்னுடுவேன்" என்று அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தாள். மாஸ்டர் சீக்கிரமாகப் படுத்தார். நன்றாகத்தான் தூங்கினார். வழக்கமாக எழுந்திருக்கிற நேரத்துக்குக் கண் பட்டென்று திறந்துகொண்டது. திரும்பிப் படுத்தார். இழுத்துப் போர்த்தினார். ஊஹூம். அத்தானின் கார் பழசு, அதில் இரண்டாவது பிரேக் கிடையாது. மழைத்தூறல் வேறு. பின்சீட்டில் மனுஷனுக்குக் குளிருமே, கண்ணாடியை ஏற்றினாளோ இல்லையோ. எத்தனை நாள் ஏங்கின தூக்கம்! கையில் கிடைத்ததும் வேண்டாம் என்கிறது பாழாய்ப்போன உடம்பு.

"எங்க கிளம்பறீங்க?" மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"சும்மா. ஒரு நடை நடந்துட்டு வரேன்."

"கிறுக்கு மனுஷன்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளாவது தூங்கட்டும்.

ரவுண்டானா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மாஸ்டர் நடைபாதையில், நடக்கிறவர்களுக்கான வெள்ளைக் கோடுகள் தொடங்கும் இடத்தில் ஓரமாக நின்றார். ஒளிந்துகொள்வதாகத்தான் எண்ணம். பார்த்துவிட்டுப் போய்விடலாம். தெரு ஈரமாக மினுங்கியது. ஒரு பால் வண்டி, சர்ரென்று, பிரேக் என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மாஸ்டரின் வலது கால் நடைபாதைக் கல்லை அழுத்தியது.

பழைய கார் வந்தது. ஒரு விளக்கு கொஞ்சம் மங்கல். மெதுவாக வந்தது, ஆனால் தயங்கி வரவில்லை. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. எட்டிப் பார்க்கிற ஆவலில் ஒரு கால் கோட்டின் மேல் இறங்கிவிட்டது.

கார் நின்றது. கோட்டுக்கு முன்னால், குலுங்காமல், அவர் காலே மிதித்திருந்தால் எப்படி நிற்குமோ அப்படி.

கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. அவளும் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, போ என்று காட்டினாள். நடக்கிறவர்களுக்குத்தான் முதல் வழி.

அந்தப் பக்கம் மாஸ்டருக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் நடந்தார். வலது பக்கம் பார்க்கவில்லை. இடது பக்கமும் பார்க்கவில்லை. மழை முகத்தில் விழ, வானத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தாண்டினார். அவசரப்படுத்த ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை அவள். பின்சீட்டிலிருந்து அத்தான் கையைத் தூக்கியது ஓரக்கண்ணில் தெரிந்தது.

அவர் அந்தப் பக்கம் ஏறின பிறகுதான் கார் நகர்ந்தது. வட்டத்தின் வாயில் ஒருமுறை நின்றது. அக்காவின் தலை வலது பக்கம் திரும்பியது, நன்றாகத் திரும்பியது. அப்புறம் உள்ளே போய், சுற்றி, ஆஸ்பத்திரி ரோட்டில் இறங்கிவிட்டது. கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் மாஸ்டர் அதன் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. தடுக்கவில்லை; தெருவில் யாரும் இல்லை.

கொட்டாவியும் வந்தது, பெரிசாக. வீடு இப்போது எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தூங்குவதற்காக ரோட்டைத் தாண்டினார்.